பதினேழாம் துளை

எனக்கு உயரம் என்றால் பயம். ஆழம் என்றாலும் பயம். இரண்டுக்கும் நடுவே சமதரையில் நின்று பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து நிலவியல் படிக்கப் போனேன். சமதரை என்று ஒன்று கிடையாது என்பதை முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதால் திரும்ப முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அடுத்தவர் மனம் நோகாமல் நடப்பது எங்கள் வீட்டில் பதினோராவது கட்டளை. எதிர்வீட்டுக்காரர் தவறுதலாக அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனபோது, கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று அப்பா இரண்டு நாள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு மரியாதையால்தான் நான் ஒரு மனிதரைக் கிட்டத்தட்டச் சாகடித்தேன்.

எங்கள் அலுவலகம் சிம்மக்கல்லில், ஒரு மொத்த மிளகாய்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. தும்மிக்கொண்டே படம் வரைவது எங்கள் தொழில். நிலத்தில் வரிசையாகத் துளை போட்டு, எந்த ஆழத்தில் என்ன மண் வருகிறது என்று பார்த்து, தாது மணல் எங்கே கிடக்கிறது என்று சுரங்கக்காரர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்போம். தாது மணல் என்றதும் எல்லோருக்கும் தெற்கத்திக் கடற்கரைதான் ஞாபகம் வரும். ஆனால் மதுரைக்குக் கிழக்கே, வைகைச் சமவெளியில், வண்டலுக்கும் களிமண்ணுக்கும் அடியில், என்றோ ஒரு தண்ணீர் ஒதுக்கிவிட்டுப் போன கருமணலும் சிவப்புக் கார்னெட்டும் பாய் விரித்ததுபோல் ஒரு படிவாகக் கிடக்கின்றன. அந்தத் தண்ணீர் ஆறா, கடலா என்பதில் எங்களுக்குள் சண்டை உண்டு. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிடுவேன்.

அந்த இடத்தில் ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, மேற்கிலிருந்து கிழக்காக, துளைகள் போட்டோம். டிராக்டரில் பொருத்திய எந்திரம் மண்ணை அள்ளிக் கொண்டுவரும். அதில் தாது எவ்வளவு என்று உடனே பார்த்துச் சொல்ல அந்த ஊர்க்காரப் பெண் ஒருவரை வைத்திருந்தோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய பெற்றோர் காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். இவர் காலத்தில் சொந்தமாக ஒரு ஏக்கர் பூமி, வாயில் ஒரு கூர்மை. மண்ணை அலசிப் பார்க்க நான் வெளிநாட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும் என்று எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்து எவர்சில்வர் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து, சோற்றுக்கு அரிசி அரித்துக் கல்லை ஒதுக்குவதுபோலவே மண்ணை அரித்தார். லேசான மணல் தண்ணீரோடு போய்விடும். கனமான தாது, கல் தங்குவதுபோல அடியில் தங்கும். அதைப் பார்த்து அவர் சொல்லும் அளவும் ஆய்வுக்கூடம் பின்னால் சொல்லும் அளவும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கும். வித்தியாசம் வந்தபோது ஆய்வுக்கூடம்தான் திருத்திக்கொண்டது.

பதினாறு துளைகள் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. பதினேழாவது துளைக்கான குறி நேராக ஒரு சாமிக் கல்மேல் விழுந்தது.

பெரிய கோவில் ஒன்றும் இல்லை. ஒரு வேப்பமரம், அதன் அடியில் முழங்கால் உயரக் கல், கல்லில் மஞ்சள், முன்னால் கொஞ்சம் பழைய கோலம். கல்லுக்கு ஏழெட்டு அடி தள்ளிப் போட்டாலே போதும். ஆனால் எந்திரம் ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். நான் கழுத்தில் கிடந்த சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினேன். வேதக்காரன் வந்து எங்கள் சாமி இடத்தில் ஓட்டை போட்டான் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர்களைக் கேட்பதும் தப்பு. கேட்டால் மறுக்கவும் முடியாமல் சம்மதிக்கவும் முடியாமல் தவிப்பார்கள். இப்படி அவர்கள் மனதுக்குள்ளும் நானே போய் யோசித்து முடித்துவிட்டு, மேற்கே நாற்பது எட்டு நடந்து, "இங்க போடுங்க" என்றேன்.

அந்தப் பெண் மட்டும், "ஏன் சார், அம்புட்டுத் தொலைவா போறீங்க?" என்றார்.

"இதுவும் ஒண்ணுதான்மா. மண்ணு எங்கயும் மண்ணுதான்."

"அது எப்பிடி ஒண்ணாகும்? சாமிக்கு மேற்கால இருக்கிற கெணத்துல சித்திரையிலயும் தண்ணி கெடக்கும். கெழக்கால இருக்கிற கெணத்துல காக்கா குளிக்கக் கூடத் தண்ணி இருக்காது. நடுவுல சாமி ஒக்காந்து மறிச்சு வச்சிருக்கு."

நான் படித்தவன் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் பல்லைப் பிடிப்பதில்லை.

பதிவுத் தாளில் துளைகளின் இடங்கள் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. மாற்றினால் ஓரத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? 'சாமி இருந்தார்' என்றா? எழுதவில்லை. தாளின்படி பதினேழாம் துளை இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. பதினாறிலும் பதினேழிலும் கருமணல் ஆறு மீட்டரில் கிடைத்தது. பதினெட்டில் பதினொரு மீட்டர் போக வேண்டியிருந்தது. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, பதினேழையும் பதினெட்டையும் ஒரு சாய்வுக் கோட்டால் சேர்த்து, 'படிவு கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கோடு. மிளகாய் நெடியில் தும்மியும் கை ஆடவில்லை.

படிவு மெல்லச் சரியவில்லை. உடைந்திருந்தது.

எங்கள் தொழிலில் இதை நிலப்பிளவு என்போம். சிம்மக்கல்லில் நடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: சாக்கடை மேல் வரிசையாகப் போட்ட சிமெண்டு மூடிகளில் ஒன்று மட்டும் ஒரு சாண் இறங்கியிருக்கும், பராக்குப் பார்த்து நடக்கிறவனின் கால் அங்கே பொசுக்கென்று இறங்கும். நிலமும் அப்படித்தான். ஒரு பக்கம் நின்ற இடத்தில் நிற்க, மறு பக்கம் என்றோ ஒரு காலத்தில் கீழே வழுக்கியிருக்கும். அதோடு தாது மணல் படிவும் துண்டாகும். ஒரு துளையில் கிடைத்த மணல் அடுத்த துளையில் அந்த ஆழத்தில் இருக்காது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. என்னைப்போல் கோடு போட்டு ஒட்டியவர்களும் உண்டு. வழுக்கிய இடத்தில் மண் அரைபட்டு அரைபட்டு, சோப்புக் கட்டி மாதிரி வழவழப்பான சாம்பல்நிறக் களிமண் ஆகிவிடும். அது தண்ணீரை அந்தப் பக்கம் விடாது. அதனால்தான் ஒரு கிணற்றில் தண்ணீர், ஒரு கிணற்றில் காக்கா. தடுக்கப்பட்ட தண்ணீர் அந்த ஓரமாக மேலே கசியும். கசிகிற இடத்தில் வேப்பமரம் செழிக்கும். செழித்த மரத்தடியில் கல்லை நட்டுக் கும்பிடுவார்கள். சாமி சரியாகப் பிளவின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது அதைத்தான்.

இதெல்லாம் பிறகு புரிந்தது. பிறகு என்றால், ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வெயில் நாளில், மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்த நேரத்தில்.

அதற்குள் கிழக்குப் பக்கம் குழி தோண்டி, என் படத்தை நம்பி, மணலைப் பின்தொடர்ந்து மேற்கே வந்துகொண்டிருந்தார்கள். குழியின் மேனேஜர் என்னைவிட இளையவர், நல்ல பையன். வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, கீழே, 'அண்ணே, ஒங்க மண்ணக் காணோம்' என்று எழுதியிருந்தார். சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார்.

படத்தில் குழியின் மேற்குச் சுவர். மூன்று மாடிக்கு மேல் உயரம். அடிப்பகுதியில் கருமணல் படிவு வந்துகொண்டே இருந்து, கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தது. நின்ற இடத்தில் சாம்பல்நிறக் களிமண் குழியைப் பார்த்துச் சாய்ந்து, மினுங்கியது. விரலால் இழுத்ததுபோல் அதில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். ஈரம் வேறு துளிர்த்திருந்தது. கையில் எடுத்த தயிர்ச் சோற்றை டப்பாவிலேயே வைத்தேன்.

சாய்த்து வைத்த பலகை, பலகையில் எண்ணெய், எண்ணெய் மேல் அரிசி மூட்டைகள், மூட்டைகள் வழுக்காமல் அடியில் ஒரு கல் முட்டு. அந்தக் களிமண்தான் பலகை. சுவர்தான் மூட்டை. மணலைத் தேடித் தோண்டித் தோண்டி அடியில் இருந்த முட்டுக்கல்லையே எடுத்துவிட்டார்கள். பின்னால், சித்திரையிலும் வற்றாத தண்ணீர் நின்று தள்ளிக்கொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன். சுவரின் காலடியில், பம்பு மோட்டாருக்குப் பக்கத்தில், ஒரு ஆள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார். குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புக்காரர். மண் அரிக்கும் அந்தப் பெண்ணின் கணவர். மதியத்துக்குமேல் அந்தக் குழியில் நிழல் விழுகிற ஒரே இடம் மேற்குச் சுவரின் அடிதான். இன்னும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் எல்லோரும் அங்கேதான் வந்து துண்டை விரிப்பார்கள்.

மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். "தம்பி, அந்த மேற்குச் சுவர்கிட்ட யாரும் வேண்டாம். ஆளுகள ஏத்திருங்க."

"ஏன்ணே?"

"பாத்தா... சரியா இல்ல."

"ஒங்க படத்துல அது நல்ல கெட்டி மண்ணுன்னு போட்டிருக்கு. பதினேழு இங்க, பதினெட்டு அங்க, நடுவுல ஒரே சீரா. அதை வச்சுத்தானே சுவர இம்புட்டுச் செங்குத்தா விட்டோம்? வேலைய நிறுத்தணும்னா மேல நான் என்ன காரணம் சொல்றது?"

காரணம் என் நாக்கில் இருந்தது. பதினேழாம் துளை அங்கே போடவில்லை. நாலைந்து வார்த்தை. சொன்னால் என் கையெழுத்து போகும், வேலை போகும், நான் குடியிருக்கும் நாகமலை புதுக்கோட்டையில் பக்கத்து வீடுகளில் 'பார்த்தால் நல்லவர் மாதிரி இருப்பாரே' என்று பேசுவார்கள். இவ்வளவையும் வரிசையாக யோசிக்க நேரம் இருந்தது பாருங்கள். கடைசியில், "நேர்ல வாரேன்," என்று வைத்துவிட்டேன்.

கீழே இறங்கி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆசுபத்திரிங்களாண்ணே?" என்றார். இல்லை, மானாமதுரை ரோட்டில் ஒரு குழி என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, பயபக்தியோடு ஓட்டினார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. திருத்தலாமா என்று எனக்கே தெரியவில்லை.

தெப்பக்குளம் தாண்டியதும் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். குழிக்கு மேலே கொட்டகையில் இப்போதும் மண் அரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி கல்லுக்கு முன்னாடி, குழியோரமா தரைய ஒரு பார்வை பாக்குறீங்களா? வெடிப்பு எதும் இருக்கா?"

நடக்கிற சத்தம் கேட்டது. "இருக்கு சார். போன வாரமே கெடந்துச்சு. வெயிலுக்குத் தரை வெடிச்சிருக்குன்னு நெனச்சேன். வெரலு நொழையும்."

"எம்புட்டு நீளம்?"

"இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் போகுது. ஏன் சார்?"

"சும்மாதான். அது மேல குறுக்க ஒரு கோடு போட முடியுமா? சாக்பீஸ் மாதிரி எதும் இருந்தா."

"சாமிக்குப் போடுற கோலப்பொடி இருக்கு."

"அதுல நேரா ஒரு கோடு. வெடிப்பத் தாண்டி."

சும்மாதான் என்றேன். அந்தப் பெண்ணிடம், அவர் கணவர் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறபோது, சும்மாதான் என்றேன். அடுத்தவர் பதறக் கூடாதாம். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. மனைவிக்குப் பிடித்த பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்ல முயன்றேன். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தது, நிறுத்திக்கொண்டேன்.

மெயின் ரோட்டை விட்டு மண் பாதையில் திரும்புகிறபோது அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"சார், கோடு ஒடஞ்சிருச்சு."

"எப்பிடி?"

"நேராத்தான் போட்டேன். இப்ப நடுவுல ரெண்டு வெரக்கட விட்டுப்போயி, குழிப்பக்கத்துக் கோடு கீழ எறங்கி நிக்குது. நான் போட்டு முழுசா முக்கா மணி நேரம் கூட ஆகல." குழிக்குள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "எங்க வீட்டுக்காரரு அதுக்குக் கீழதான் சார் இருக்காரு."

"தெரியும்மா."

"தெரியுமா?" என்றார். ஃபோன் நின்றுவிட்டது.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என் கை தானாகவே மேனேஜரின் எண்ணைத் தேடியது. "தம்பி, பதினேழாம் துளைய நான் அங்க போடல. சாமி இருக்குன்னு நாப்பது எட்டு மேற்கால தள்ளிப் போட்டேன். தாள்ல எழுதல. படம் தப்பு. நடுவுல பிளவு இருக்கு. சுவர் வழுக்குது, மேல கோடு ரெண்டு வெரக்கட எறங்கியிருக்கு. ஆளுகள ஏத்துங்க."

 "வைங்க," என்றார். அண்ணே இல்லை. ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாரும் இன்னும் சாகவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டி திடீரென்று வேகம் பிடித்தது.

நான் போய் இறங்கியபோது அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. மண் அள்ளும் எந்திரம் சரிவுப் பாதையில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் ஓரத்தில் நின்றார்கள். மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, சுவரின் அடியில், இரண்டு பேர். பம்புக்காரர். அவருக்கு முன்னால் அவர் மனைவி, கையை வீசிக்கொண்டு.

"பம்பு மோட்டார் பக்கத்துலயே இருந்து இருந்து அந்த ஆளுக்குக் காது மந்தம்," என்றார் மேனேஜர். "சங்கு கேட்டிருக்காது. அந்தம்மா நான் சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிருச்சு."

நான் ஏன் இறங்கினேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தைரியம் என்று தயவுசெய்து யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலே நின்று, அந்தச் சுவர் அந்தப் பெண்ணின் மேல் விழுவதைப் பார்ப்பேனோ என்கிற பயம், கீழே போகிற பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.  சரிவுப் பாதை வளைகிற இடத்தில் ஆகாயம் சுருங்கியது. வெயில் பின்னால் நின்றுவிட்டது. சுவரின் நிழல் என் மேல் ஏறியபோது குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சிதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. இதில் படுத்தால் தூக்கம் வரும் என்று தோன்றியது.

"யோவ், ஏறி வாய்யா மேல!" அந்தப் பெண் மோட்டார் இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்.

"இந்தா, எதுக்கு இந்தக் கத்து கத்துற? பம்ப விட்டுட்டு வந்தா அரை மணியில முங்கிரும். யாரு பதில் சொல்றது?"

"முங்குனா முங்கட்டும். ஒன்னையும் சேத்து முங்கணுமா?"

"வந்துட்டாருல்ல சாரு, அவருகிட்டயே கேளு. சார், இவ என்னமோ சுவரு விழுகுதுங்கிறா. ஒங்க படத்துல கெட்டி மண்ணுன்னு போட்டிருக்குன்னு மேனேஜர் சொன்னாரே?"

 அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "படம் தப்பு," என்று கத்தினேன். "என் தப்பு."

"சத்தமாச் சொல்லுங்க சார்."

என் வாழ்க்கையில் ஒரு ஒப்புதலை இரண்டு முறை, இரண்டாம் முறை உரக்க, கத்தவேண்டி வந்தது அன்றைக்குத்தான். அவர் அப்போதும் அசையவில்லை. தலையைச் சாய்த்து என்னையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் வேறு எதுவும் சொல்லாமல் நேராகப் போய் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

மோட்டார் நின்றது. அந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு சுவர் கேட்டது. பொரிகடலையை யாரோ தகரத்தில் ஒவ்வொன்றாகப் போடுவதுபோல், மேலிருந்து சின்னச் சின்ன மண் பொருக்குகள். அதற்கும் பின்னால், சுவருக்குள்ளேயிருந்து, ஈரத் துணியை மெல்ல இழுப்பதுபோல் ஒரு சத்தம். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். 

அவர் கணவருக்கு அது எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் கீழே பார்த்தார். சுவரின் அடியிலிருந்து கசிந்து வாய்க்காலில் ஓடிய தண்ணீரை. இவ்வளவு நாளும் கண்ணாடி மாதிரி வந்த தண்ணீர் அது. இப்போது செம்மண் கலந்து, டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து கையால் கொஞ்சம் அள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"தண்ணி கலங்குது," என்றார். மனைவியின் கையைப் பிடித்தார். "ஏறு. ஏறு. ஓடாத, வழுக்கும். சார், நீங்க முன்னால போங்க."

முன்னால் போனேன். மரியாதைக்குக்கூட, நீங்கள் முதலில் என்று சொல்லவில்லை. நாங்கள் சரிவுப் பாதையில் பாதி தூரம் ஏறியிருப்போம். பின்னால் அந்தப் பெண், "என் தூக்குவாளி!" என்றார். "போனா போகுது," என்றார் அவர். அப்போது மேலே நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன்.

சுவர் விழவில்லை. உட்கார்ந்தது. வயதானவர் நாற்காலியில் உட்காருவதுபோல், அவசரமில்லாமல், நிமிர்ந்த நிலையிலேயே கீழே போய், பிறகு முன்னால் சாய்ந்து, உடைந்தது. காற்று எங்களை முதுகில் தள்ளியது. நான் குப்புற விழுந்தேன். மேலே தூசி மூடியது. அடுத்த மண்கட்டி என் தலைக்குத்தான் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். "எந்திரிங்க சார், இன்னும் கொஞ்சந்தான்." அந்தப் பெண்.

தூசி அடங்கியபோது பம்பு இருந்த இடம் இல்லை. நிழல் இருந்த இடம் இல்லை. சுவர் போன இடத்தில், சாம்பல்நிறத்தில் ஒரு பெரிய சாய்வு, ஈரத்தில் பளபளத்தது. மேலிருந்து கீழ் வரை கீறல்கள். பாடப்புத்தகத்தில் நான் ரசித்துப் பார்த்த படம் அது. அதன் உச்சியில், வெறும் இரண்டடி ஓரத்தில், வேப்பமரமும் கல்லும் அப்படியே நின்றன. கல்லின் முன்னால் கோலக் கோட்டில் பாதி மிச்சமிருந்தது.

நான் வேப்பமரத்துக்கு எதிர்ப்புறம் போய் வாந்தி எடுத்தேன். மேனேஜர் ஒரு தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்தான். "எழுத்துல கொடுங்க," என்றார். "கொடுக்கிறேன்," என்றேன். 

பம்புக்காரர் தரையில் உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பீடியைப் பற்றவைக்க முடியாமல் மூன்று குச்சி வீணானது. அந்தப் பெண் நாலாவது குச்சியை வாங்கித் தானே பற்றவைத்தார்.  "தூக்குவாளி எங்கம்மா கொடுத்தது," என்றார் கணவரிடம். "தெரியும்," என்றார் அவர். "எடுத்துட்டு வந்திருக்கலாம்," என்றார் மனைவி. "எடுத்திருக்கலாம், யாரு வேணாங்கிறா, நீயும் அதுலயே இருந்திருப்ப."

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை. திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"அன்னைக்கு ஏன் சார் நாப்பது எட்டு தள்ளிப் போனீங்க?"

"சாமி இருந்துச்சேம்மா. ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு..."

"எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கேட்டிருந்தா சூடம் கொளுத்தி, ஒரு சேவல அறுத்துப் போட்டுட்டு, போடுங்கன்னு சொல்லியிருப்போம். எங்க நெலத்துல போர் போடுறப்பக்கூட அது பக்கத்துல வச்சுத்தான் போட்டோம். தண்ணி அங்கதானே இருக்கு?"

 ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டதும், நான் சிரித்த சிரிப்பும் அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தைத் திரும்ப வரைந்தேன். பதினேழை நிஜமாகப் போட்ட இடத்தில் வைத்தேன். அதற்கும் பதினெட்டுக்கும் நடுவே, கிழக்கே சாய்ந்து, தடித்த கோடு ஒன்று. இந்தத் தடவை கை ஆடியது. கோடு இரண்டு இடத்தில் நெளிந்துவிட்டது. அப்படியே விட்டேன். பழைய பதிவுத் தாளை எடுத்து, காலியாக விட்டிருந்த ஓரத்துக் கட்டத்தில், அன்றைய தேதி போட்டு எழுதினேன்: 'குறித்த இடத்தில் சாமிக் கல் இருந்தது. ஊராரைக் கேட்கவில்லை. நாற்பது எட்டு மேற்கே போடப்பட்டது.' கையெழுத்துப் போட்டேன். கீழே மிளகாய்க் கடையில் மூட்டையைப் பொத்தென்று இறக்கினார்கள், தரை அதிர்ந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.